பூச்சி கேள்வி, புழு பதில்: ஒரே உடலுக்குள் இரண்டு குடித்தனம்

போன இதழில் மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்கிற வண்டுப் புழுவை, அதாவது வேர்ப்புழுவை, ஒழிப்பது பற்றி எழுதும்போது, "பூஞ்சையும் நூற்புழுவும் கைகோத்தால் வேலை சுளுவாக முடியும்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் இந்த முறை என் மேசையை நிறைத்துவிட்டன. பூச்சி நோய் ஆய்வகம் ஒன்றில் மெழுகுப்புழு வளர்க்கிற வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவள் நான். பூஞ்சையோடும் நூற்புழுவோடும் எனக்குச் சண்டையும் உண்டு, சமாதானமும் உண்டு. இரண்டையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் தக்காளி வேர் முழுக்க நூற்புழுவால் முடிச்சு முடிச்சாகக் கிடக்கிறது. அதை ஒழிக்க நான் அலைந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் நூற்புழுவைக் காசு கொடுத்து வாங்கி மண்ணில் விடச் சொல்கிறீர்களே, அம்மா?

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் சாரையும் பாம்புதான், நாகமும் பாம்புதான். உங்கள் வேரில் இருப்பது மெலாய்டோகைன். அதன் வாயில் ஊசி போல ஓர் உறுப்பு உண்டு, அதை வேரில் குத்தித்தான் சாற்றை உறிஞ்சும். நான் சொல்வது ஸ்டைனர்னீமா, ஹெட்டரோராப்டிடிஸ் என்கிற இரண்டு கூட்டத்தை. அவற்றுக்கு அந்த ஊசியே கிடையாது. செடி பக்கம் போகாது.

நாம் வாங்கி விடுகிற பருவத்தில் அது எதையுமே தின்னாது. அரை மில்லிமீட்டர் சொச்சம் நீளம், வாய் மூடியிருக்கும். முந்தைய பருவத்துத் தோலையே சட்டையாகப் போட்டுக்கொண்டு, உடம்பில் சேர்த்த கொழுப்பில் காலம் தள்ளும். பூச்சி கிடைத்தால் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை என்று திறந்திருக்கிற வழியில் உள்ளே போய், குடலில் சுமந்துவந்த பாக்டீரியாவை அவிழ்த்துவிடும். ஸ்டைனர்னீமா சுமப்பது செனோராப்டஸ், ஹெட்டரோராப்டிடிஸ் சுமப்பது ஃபோட்டோராப்டஸ். கொலையில் பெரும்பங்கு அந்த பாக்டீரியாவுக்குத்தான். ஒன்றிரண்டு நாளில் பூச்சியின் கதை முடிந்துவிடும்.

இது நேற்று வந்த சங்கதியும் இல்லை. 1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ருடால்ஃப் கிளேசர் ஜப்பான் வண்டின் புழுவுக்குள் இதைக் கண்டார். 1930களிலேயே வயலில் விட்டும் பார்த்துவிட்டார்கள். அந்த இனத்தின் பெயரே ஸ்டைனர்னீமா கிளேசரி.

உங்கள் தக்காளிக்கு வேண்டியது இது அல்ல. வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டையைத் தாக்குகிற இன்னொரு பூஞ்சை உண்டு, பேசிலோமைசிஸ் லிலாசினஸ் என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பூச்சியைக் கொல்கிற மெட்டாரைசியம் பூஞ்சைப் பாக்கெட்டும் கையில் இருக்கிறது, நூற்புழு பாக்கெட்டும் இருக்கிறது. ஒரே டேங்கில் கலந்து ஒரே நடையில் வேலையை முடித்துவிடலாமா?

கலக்கலாம். கலந்து உடனே ஊற்றிவிட்டால் ஒன்றை ஒன்று கொன்றுவிடாது. ஆனால் கலக்கலாமா என்பது ஒரு கேள்வி, கலந்தால் லாபமா என்பது வேறு கேள்வி.

ஒரு பேச்சுக்கு, பூஞ்சை மட்டும் கொடுத்தால் 100 புழுவில் 40 சாகிறது, நூற்புழு மட்டும் கொடுத்தால் 50 சாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கொடுத்தால் 90 சாகும் என்று மனசு கணக்குப் போடும். அப்படி இல்லை. பூஞ்சை 40-ஐ எடுத்தது போக மீதி 60, அதில் பாதியை நூற்புழு எடுக்கும், ஆக 70. இந்த 70 வந்தால் அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள், அவ்வளவுதான். 70-க்கு மேலே போனால்தான் ஒன்றுக்கு ஒன்று உதவியது என்று அர்த்தம். ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்த சோதனைகளில் பெரும்பாலும் கிடைத்தது இந்த 70 கணக்குதான். நஷ்டம் இல்லை. இரண்டு பாக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவருக்கு அது போதுமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நாளைப் பிரித்துக் கொடுத்தால் கதை மாறுகிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: பூச்சியியல் படிக்கும் மாணவி நான். பூஞ்சை தாக்கிய புழுவில் இரண்டு நாளுக்கு மேல் கழித்து நூற்புழு விட்டால் அது பெருகாது என்று ஓரிடத்தில் படித்தேன். பூஞ்சை கொடுத்து 3, 4 வாரம் கழித்து நூற்புழு விடுவதுதான் சிறந்தது என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். இரண்டும் வேறு வேறு புழுவைப் பற்றிய பேச்சு, வேறு வேறு கேள்விக்கான விடை.

முதலில் பகைமையைச் சொல்லிவிடுகிறேன். பிவேரியா என்கிற இன்னொரு பூச்சிகொல்லிப் பூஞ்சையையும் இந்த நூற்புழுக்களையும் ஒரே புழுவுக்குள் விட்டுப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது, 1990-ல் பார்பர்செக், கயா இருவரும் வெளியிட்டது. செத்த உடலில் இரண்டும் சேர்ந்து வம்சம் பெருக்குவது அரிது என்று அதில் தெரிந்தது. ஒரே உறையில் இரண்டு வாள் இருக்காது இல்லையா? நூற்புழு முந்திக்கொண்டால் அதன் பாக்டீரியா சுரக்கிற நச்சும் நுண்ணுயிர்க்கொல்லியும் பூஞ்சையை வளரவிடாது. பூஞ்சை இரண்டு மூன்று நாள் முந்திக்கொண்டால், நூற்புழு போய்ச் சேரும்போது பந்தி முடிந்து இலையை எடுத்திருப்பார்கள்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், பிவேரியா தொட்ட இடுக்கியாலேயே நூற்புழு வளர்க்க வைத்திருந்த மெழுகுப்புழுக்களையும் எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு வாரம் கழித்துத் தட்டைத் திறந்தால், அத்தனையும் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக, விறைத்துக் கிடந்தன. ஒரு நூற்புழு வெளியே வரவில்லை. மூன்று மாதத்து வேலை அது. அன்றைக்கு மேலதிகாரி என்னைத் திட்டவில்லை. இரண்டு இடுக்கி வாங்கி, ஒன்றில் நீலத் துணியைச் சுற்றி என் கையில் கொடுத்தார். அது இன்னும் வலித்தது.

இனி உறவுக்கு வருவோம். மெழுகுப்புழுவும் இலை தின்கிற சின்னப் புழுக்களும் மெல்லிய உடம்புக்காரர்கள். பூஞ்சை நான்கைந்து நாளில் முடித்துவிடும். ஆனால் மண்ணுக்குள் கிடக்கிற வேர்ப்புழு, அதிலும் மூன்றாம் பருவத்துக் கொழுத்த புழு, ஒரு கோட்டை. வளைந்து கிடக்கிற அந்த வெள்ளைப் புழுவை உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறீர்களா? மூச்சுத்துளை ஒவ்வொன்றின் மேலும் சல்லடை மாதிரி ஒரு தகடு மூடியிருக்கும். அந்த வழியாக நூற்புழு நுழைய முடியாது. பின்வழியாக ஏறலாம் என்றால் அது ஓயாமல் மலம் கழித்துக்கொண்டே இருக்கும், ஏறியதெல்லாம் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வாய் வழியாகப் போனால் குடலுக்குள் தடித்த ஒரு படலம். மேலே ஊர்ந்தால் காலாலும் வாயாலும் துடைத்துப் போட்டுவிடும். அதையும் தாண்டி ரத்தத்துக்குள் போய்ச் சேர்ந்த ஒன்றிரண்டைச் சூழ்ந்து உறைபோட்டு அடைக்க ரத்த அணுக்கள் காத்திருக்கும். இத்தனை காவலையும் பார்த்த பிறகு எனக்கு வேர்ப்புழு மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

பூஞ்சைக்கு இந்த வாசல்கள் எதுவும் தேவையில்லை. வித்து தோலில் ஒட்டும், முளைக்கும், முளையின் நுனி தட்டையாகி அழுந்தும். தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்துகொண்டே நேராகத் துளைத்துப் போய்விடும். தோல் உரிக்கிற நேரமாக இருந்தால் மட்டும் புழு தப்பிக்கலாம், சட்டையோடு வித்தும் கழன்றுவிடும். மூன்றாம் பருவத்தில் புழு நெடுநாள் தோல் உரிக்காமல் கிடப்பதால் பூஞ்சைக்கு அவகாசம் கிடைக்கும். ஆனால் பெரிய புழு, குளிர்ந்த மண் என்றால் சாக வாரக் கணக்கில் ஆகும். அதுவரை புழு உயிரோடுதான் இருக்கும், வேரையும் கொறித்துக்கொண்டு இருக்கும்.

பெல்ஜியத்தில் ஹோப்ளியா ஃபிலாந்தஸ் என்கிற வண்டின் மூன்றாம் பருவப் புழுவில் செய்த சோதனைகளில் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். மெட்டாரைசியம் கொடுத்து, 3 அல்லது 4 வாரம் விட்டு, பிறகு நூற்புழு. பலன் நான் சொன்ன 70 கணக்கைத் தாண்டியது. வீட்டுக்காரர் காய்ச்சலில் சுருண்டு கிடக்கும்போது உள்ளே புகுகிற திருடனை நினைத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற புழு தின்பதைக் குறைக்கும், துடைத்துக்கொள்ளாது, அதன் எதிர்ப்பெல்லாம் பூஞ்சையோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவாகிவிடும். இமிடாகுளோப்ரிட் என்கிற பூச்சி மருந்து சிறிதளவு பட்டு மந்தமான வேர்ப்புழுவிலும் நூற்புழு சுலபமாக ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள், காரணமும் இதேதான்: துடைக்கத் தெம்பில்லை. (அந்த மருந்து தேனீக்கு எமன் என்பதால் அந்தக் கூட்டணியை நான் சிபாரிசு செய்வதில்லை.)

ஆக, உங்கள் இரண்டு கட்டுரைகளில் ஒன்று செத்த உடல் யாருக்கு என்று கேட்டது, மற்றொன்று உயிரோடு இருப்பது சாகுமா என்று கேட்டது. பயிரைக் காப்பாற்ற வேண்டியவருக்கு இரண்டாவதுதான் கேள்வி. அடுத்த பருவத்துக்கும் மண்ணில் நூற்புழு தங்க வேண்டும் என்று நினைப்பவர் முதல் கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும். செய்முறைத் தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது!

கேள்வி: இரண்டையும் கொடுத்தேன். தோண்டிப் பார்த்தால் புழுக்கள் செத்துக் கிடக்கின்றன. கொன்றது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தையும் விறைப்பையும் வாடையையும் பாருங்கள். செங்கல் சிவப்பில் தொளதொளவென்று இருந்தால் ஹெட்டரோராப்டிடிஸ். மங்கிய மஞ்சளோ பழுப்போ என்றால் ஸ்டைனர்னீமா. உடைத்தால் மட்டென்று முறிகிற மாதிரி விறைத்து, ஈரத்தில் ஓரிரு நாள் வைத்ததும் வெள்ளைப் பொடி பூத்தால் பிவேரியா. முதலில் வெள்ளையாகப் பூத்துப் பிறகு பச்சையாக மாறினால் மெட்டாரைசியம். கறுத்து, அழுகி, மூக்கைப் பொத்த வைத்தால் நம் ஆட்கள் யாரும் இல்லை, அது வேறு ஏதோ பாக்டீரியா. நூற்புழு கொன்ற உடல் அப்படி நாறாது.

சிவந்த புழு கிடைத்தால் ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகுகிற வரை ஒரு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள். புழு மங்கலாக ஒளிரும். ஃபோட்டோராப்டஸ் செய்கிற வேலை. முதன்முதலில் பார்த்த இரவு நான் அடுத்த அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். வந்தவர்கள் வெளிச்சத்திலிருந்து நேராக வந்ததால் ஒன்றும் தெரியவில்லை, எனக்குத்தான் கண்ணில் கோளாறு என்று போய்விட்டார்கள்.

கேள்வி: எனக்கு இருப்பது பன்னிரண்டு தொட்டிகள். இலைப்பேன் தொல்லை. இவ்வளவு சிறிய தோட்டத்துக்கும் இந்த இரட்டை வைத்தியம் உண்டா?

உங்களுக்குத்தான் இது மிக அழகாகப் பொருந்தும். இலைப்பேன் இலையில் சுரண்டித் தின்று வளர்ந்து, பெரும்பாலும் மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகிறது. மாடிக்கு ஓர் ஆள், கீழ்த்தளத்துக்கு ஓர் ஆள் என்று வைத்துவிடலாம். இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி பிவேரியா, மண்ணில் ஸ்டைனர்னீமா ஃபெல்ஷியே. இருவரும் சந்திக்கிற வாய்ப்பே குறைவு, அதனால் யார் முந்தி என்கிற கவலையும் இல்லை. இலைமேல் நூற்புழுவைத் தெளிக்காதீர்கள், காய்ந்து செத்துப்போகும்.

அளவுக்குப் பொதுவாகச் சொல்வது சதுர சென்டிமீட்டருக்கு 25 நூற்புழு. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தொட்டி என்றால் ஏறத்தாழ 18 ஆயிரம். கேட்கப் பெரிதாக இருக்கும், ஒரு சிறு கரண்டித் தண்ணீரில் அடங்கிவிடும். இதே கணக்கில் ஏக்கருக்கு 100 கோடி ஆகிறது. பெரிய வயல்காரர்கள் வரிசையிலும் செடியடியிலும் மட்டும் ஊற்றச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: பாக்கெட்டில் சொன்னபடி எல்லாம் செய்தேன். ஒரு புழுகூடச் சாகவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஏமாற்றியும் இருக்கலாம். ஆனால் உங்கள் நீண்ட கடிதத்தில் மூன்று இடத்தில் நான் நின்றுவிட்டேன். "மதியம் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன்" என்கிறீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் வித்துக்கும் ஆகாது, நூற்புழுவுக்கும் ஆகாது. பொழுது சாய்ந்த பிறகுதான் இந்த வேலை. "தெளிப்பானைப் புதிதாகக் கழுவி, எல்லாச் சல்லடையும் மாட்டி" என்கிறீர்கள். நுண்ணிய சல்லடையில் நூற்புழு தங்கிவிடும், கழற்றிவிட்டு, துளை பெரிய நாசிலைப் போடுங்கள், இடையிடையே கலக்குங்கள், இல்லாவிட்டால் அடியில் படிந்துவிடும். மூன்றாவது, மண் காய்ந்திருந்தது. மண் துகள்களைச் சுற்றி இருக்கிற மெல்லிய நீர்ப்படலத்தில்தான் அது நீந்திப் போகிறது. முன்னும் நனையுங்கள், பின்னும் நனையுங்கள், இரண்டு வாரம் ஈரம் காக்கட்டும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு உருப்பெருக்கியில் பாருங்கள். ஹெட்டரோராப்டிடிஸ் நெளிந்துகொண்டே இருக்கும். ஸ்டைனர்னீமா கார்போகாப்சே கொக்கி மாதிரி வளைந்து சும்மா கிடக்கும், செத்ததென்று கொட்டிவிடாதீர்கள், ஊசி முனையால் தொட்டால் துள்ளும். ஊசி போல நேராக நீட்டிக் கிடந்து, தொட்டும் அசையாவிட்டால்தான் போச்சு. நானே ஒருமுறை நல்ல கார்போகாப்சேயைச் செத்ததென்று சாக்கடையில் விட்டவள்.

மெட்டாரைசியம் விஷயத்தில் இன்னொன்று. அதன் வித்து தண்ணீரோடு ஒட்டாது. நேராகக் கொட்டினால் மேலே பச்சைத் தோல் மாதிரி மிதக்கும். கொஞ்சம் ஒட்டும் திரவம் சேர்த்துக் கையளவு தண்ணீரில் குழைத்து, அப்புறம் டேங்கில் ஊற்றுங்கள்.

கேள்வி: வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். மண்புழு இருக்கிறது. பக்கத்தில் தேன்பெட்டியும் உண்டு. பயப்பட வேண்டுமா?

மண்புழுவுக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைகளுக்கும் இந்த நூற்புழுவால் தீங்கில்லை, இவற்றின் பாக்டீரியா நம் உடல் வெப்பத்தில் வளராது. ஃபோட்டோராப்டஸ் அசிம்பயாடிகா என்கிற வேறோர் இனம் வளரும். அது மனிதர்களுக்குப் புண் உண்டாக்கியதாக அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சில பதிவுகள் உண்டு, ஆனால் உங்கள் பாக்கெட்டில் வருவது அது இல்லை. பூஞ்சைப் பொடியைக் கலக்கும்போது மட்டும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், சிலருக்கு ஒவ்வாமை வரும். பூ மலர்ந்திருக்கும்போது பூமேல் தெளிக்காதீர்கள்.

பட்டுப்புழு வளர்ப்பவர் அருகில் இருந்தால் பிவேரியாவை மறந்துவிடுங்கள். 1835-ல் இத்தாலியில் அகஸ்டினோ பாசி பட்டுப்புழுக்கள் வெள்ளையாக விறைத்துச் சாவதற்கு ஒரு பூஞ்சைதான் காரணம் என்று காட்டினார். பிவேரியா பேசியானா என்ற பெயரில் இருக்கிற பேசியானா அவர்தான். அதாவது நாம் இன்று மருந்தாக வாங்குவதை உலகம் முதலில் தெரிந்துகொண்டது ஒரு தொழிலையே ஆட்டிப்படைத்த நோயாக.

கேள்வி: நடுவில் இலைப்புள்ளி வந்து மேன்கோசெப் அடிக்க வேண்டியதாகிவிட்டது. போட்டதெல்லாம் வீணா?

நூற்புழுவைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலான பூஞ்சணக்கொல்லிகளை அது தாங்கும். இலைமேல் அடித்த பூஞ்சைக்குத்தான் சேதம், மேன்கோசெப் அதற்கு நல்லதில்லை. மண்ணுக்குள் ஏற்கெனவே புழுவின் தோலைத் துளைத்துப் போய்விட்டதை அது எட்டாது. இலைக்கு மறுபடி பூஞ்சை கொடுக்க நினைத்தால் ஒரு வாரம் பத்து நாள் பொறுங்கள். அப்புறம், அதே தெளிப்பானில் அடிக்காதீர்கள், எத்தனை தடவை அலசினாலும் குழாய்க்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். என்னிடம் இரண்டு தெளிப்பான்கள் இருக்கின்றன. பூஞ்சைக்கானதன் கைப்பிடியில் நீலத் துணி சுற்றியிருக்கிறேன்.